ஆளுக்கொரு பொட்டலம்

புல்லுக்கார அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்லிக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே வாய்க்கால் ஓரம் போய்ப் பசும்புல் அறுத்து, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வந்து, மாடு வைத்திருப்பவர்களுக்கும் குதிரை வைத்திருப்பவர்களுக்கும் விற்பாள். அவள் புல்கட்டில் ஆகாத செடி ஒன்று கலந்திருந்ததென்று யாரும் சொன்னது கிடையாது. அரிவாளை எடுக்கும்போது சாமியை நினைப்பாள், கீழே வைக்கும்போதும் நினைப்பாள். நடுவில் நினைக்க நேரம் கிடைப்பதில்லை, அதனால் முன்னும் பின்னும் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் சிரிப்பாள். கோபமே வராத மனுஷி என்று தெருவில் பெயர். வந்தால் லேசில் போகாது என்பது வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

வீட்டுக்காரர் வண்டிக்காரர். மரக்கடையிலிருந்து தச்சுப் பட்டறைகளுக்குப் பலகையும் சட்டமும் ஏற்றிப் போவது அவர் தொழில். லாரி நுழையாத சந்துகளுக்கெல்லாம் அவர் வண்டி நுழையும். வண்டி ஒன்று, குதிரை ஒன்று. இரண்டில் ஒன்று நின்றாலும் அடுப்பும் நின்றுவிடும் என்ற நிலைமை. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று. வீட்டில் மிச்சம் இருந்தது அவர்கள் இருவரும் குதிரையும்தான்.

குதிரைக்கு மாப்பிள்ளை என்று பெயர். வந்த புதிதில் தவிட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கொள்ளு சரியாக வேகாவிட்டால் தொட்டியைக் காலால் தள்ளிவிடும். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி என்ன பிகு பார் என்று அவள் ஒரு நாள் சொன்னாள், அதுவே நிலைத்துவிட்டது. நிஜ மாப்பிள்ளை வீட்டுக்கு வரும்போது மட்டும் இருவரும் நாக்கைக் கடித்துக்கொண்டு, குதிரையை வெறுமனே "டேய்" என்று கூப்பிடுவார்கள்.

வீட்டுச் சமையலறைக்கும் லாயத்துக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரில் கம்பி இல்லாத ஒரு ஜன்னல். அவள் அடுப்படியில் நிற்கும்போது மாப்பிள்ளை அதன் வழியாகத் தலையை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். வெங்காயத் தோலிலிருந்து வீட்டு விவகாரம் வரை அதற்குத் தெரியாதது எதுவும் இல்லை.

சண்டை வந்தது ஒரு மழை நாளில். பட்டறை ஒன்றுக்கு அவசரமாகச் சட்டம் வேண்டும் என்று ஆள் வந்தது. வழியெல்லாம் சேறு, இன்று வேண்டாம் என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். அவர் கேட்கவில்லை. கூடுதலாக வேறு ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது குதிரை முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைத்தது. சேற்றில் வழுக்கிக் காலின் பின்நரம்பு இழுத்துக்கொண்டுவிட்டது. முழங்காலுக்குக் கீழே கை வைத்தால் தணலாகச் சுட்டது.

அப்போது லாடக்காரரும் அங்கே இருந்தார். அவளைத் தங்கச்சி முறை வைத்துக் கூப்பிடுவார், அதனால் வண்டிக்காரருக்கு மச்சான். எதையும் நின்று யோசிக்காத மனுஷர். லாடம் அடித்து முடிப்பதற்குள் அடுத்த வீட்டுக் குதிரையின் காலைப் பிடித்திருப்பார். அவர் முன்னால் அவள், "வாயில்லா ஜீவன் சொல்ல முடியாது, வாயுள்ள நான் சொன்னேன். உங்களுக்குக் காதும் இல்ல, கண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

மச்சான் முன்னால் சொன்னதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இனிமேல் என்னிடம் பேசாதே என்றார். அவளும் விடவில்லை.

"நீங்களா வந்து பேசுற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சாமி மேல சத்தியம்."

சத்தியம் பண்ணுகிற பழக்கம் இல்லாதவள். ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு எல்லாம் குதிரை வழியாகத்தான். அவள் ஜன்னலைப் பார்த்துச் சொல்வாள்: "மாப்பிள்ளே, சாப்பாடு மூடி வெச்சிருக்கு. பசிக்கிறவங்க எடுத்துப் போட்டுக்கலாம்." அவர் லாயத்துக்குள்ளிருந்து சொல்வார்: "மாப்பிள்ளே, சட்டையில பொத்தான் போயிருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சா நல்லா இருக்கும்." மறுநாள் பொத்தான் தைக்கப்பட்டிருக்கும். மகள் போன் பண்ணினது, பக்கத்து வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்தது, வாடகை கேட்டு ஆள் வந்து போனது எல்லாமே அதன் காதில் விழுந்துதான் எதிராளி காதுக்குப் போயிற்று. மாப்பிள்ளை இரண்டு பக்கமும் காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

ஆனால் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் அந்த வீட்டில் குதிரை காதுபட யாரும் சொல்வதில்லை. அது மருந்து என்ற வார்த்தை. முன்பு ஒரு தரம் பூச்சி மருந்து கொடுக்கும்போது, "மருந்தைக் கொண்டா, மருந்தைக் கொண்டா" என்று அவர் கத்த, அதன் நாக்கைப் பிடித்து இழுத்து, பெரிய ரகளையாகிவிட்டது. அதிலிருந்து அந்த வார்த்தை காதில் விழுந்தால் போதும், தலையைக் கூரை வரைக்கும் தூக்கிப் பல்லை இறுக்கிக்கொள்ளும். அப்புறம் யார் எட்டுவது? அதனால் மாப்பிள்ளைக்கு எதிரே எந்த விஷயமும் பேசலாம், அதை மட்டும் பேசக் கூடாது என்று அந்த வீட்டில் ஒரு வழக்கம் ஆகிப்போனது. பேச இருந்தது அந்த ஒரு வழிதான். அந்த வழியில் போக முடியாதது அந்த ஒரு விஷயம்தான். கேடு அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

சண்டைக்கு மறுநாள் காலையில் குதிரை டாக்டரம்மா வந்தார். அவள் அப்போது புல் அறுக்கப் போயிருந்தாள். டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்து, கட்டுப் போட்டு, வண்டியில் பூட்டவே கூடாது என்று சொல்லி, வலிக்கும் வீக்கத்துக்கும் ஒரு பொடி எழுதிக்கொடுத்தார். காலையில் ஒரு பொட்டலம், மாலையில் ஒரு பொட்டலம். தீனி எடுக்காமல் போனாலோ, சோர்ந்து நின்றாலோ உடனே நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள் என்று அவரிடம் அழுத்திச் சொன்னார். வண்டிக்காரர் மத்தியானமே கடைக்குப் போய்ப் பெட்டியோடு வாங்கி வந்து, வண்டி ஆசனத்துக்குக் கீழே உள்ள பலகைப் பெட்டியில் சேண எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சீட்டை வீட்டு அலமாரியில் போட்டார்.

அந்தச் சீட்டை அவள் பார்த்தாள். இத்தனை வருஷமாக மாப்பிள்ளைக்கு மருந்து என்றால் அவள் கைதான். அவருக்கு வண்டியோட்டத் தெரியும், மருந்து கொடுக்கத் தெரியாது என்பது அவள் எண்ணம். சீட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், வாங்கக்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் புல் விற்ற கையோடு வேறொரு கடையில் அதே பெட்டியை வாங்கினாள். வழியில் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியிலும் நுழைந்து எப்படிக் கொடுப்பது என்று கேட்டாள். டாக்டரம்மா ஒரு நாய்க்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். தவிட்டில் கலந்து இரண்டு வேளையும் கொடுங்கள், ஒரு வேளைகூட விடாதீர்கள் என்று நிமிராமலே சொன்னார். அவள் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பெட்டியைச் சமையலறை மேல்தட்டில், உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்தாள். அவர் கை அந்தத் தட்டுக்குப் போனதே இல்லை. அவள் கை வண்டிப் பெட்டிக்குப் போனதே இல்லை.

அவருக்கோ மனசுக்குள் வேறு கணக்கு. நான் செய்த தப்பு, நானே பார்த்துச் சரி பண்ண வேண்டும். அவள் கோபத்தில் இந்தக் காலைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். இப்படி நினைத்து, அவள் புல்லுக்குப் போனதும் ரொட்டித் துண்டுக்குள் பொடியை மடித்து, வெல்லப்பாகு தடவி, தன் கையால் ஊட்டிவிட்டு மரக்கடைக்குப் பலகை தூக்கப் போவார். அவள் திரும்பி வந்து தவிட்டில் இன்னொரு பொட்டலத்தைக் கலந்து வைப்பாள். மாலையில் அவர் குளிக்கும்போது அவள் கொடுப்பாள். விளக்கேற்றி அவள் கண்ணை மூடிச் சாமி கும்பிடும்போது அவர் கொடுப்பார்.

அவள் கும்பிட்டதெல்லாம் அந்தக் குதிரைக்காகத்தான். அந்த நேரத்தில்தான் பின்பக்கம் இரண்டாவது பொட்டலம் அதன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. நினைத்தால் இன்றைக்கும் மனசு கூசுகிறது.

முதலில் கால் நன்றாகவே குணமாவது போலத் தெரிந்தது. மாப்பிள்ளை காலை ஊன்றி நின்றது. அவள் சாமிக்கு நன்றி சொன்னாள். அவரும் சொல்லியிருப்பார். பிறகு, ஒரு வாரம் போயிருக்கும், குதிரை தவிட்டைப் பாதியில் விட்டது. பிகுதானே, அது புதிதா என்று விட்டுவிட்டாள். அடுத்த நாள் புல்லையும் வாயில் வைத்துச் சுருட்டிச் சுருட்டிக் கீழே போட்டது. தண்ணீர்த் தொட்டிக்குள் மூக்கை வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றது. சாணம் தண்ணீராகப் போயிற்று. பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் ஜன்னல் வழியாகச் சமையலறைக்குக் கேட்டது.

தவிட்டை விட்டுவிட்டால் மருந்து உள்ளே போகாதே, ஒரு வேளையும் விடக் கூடாதே என்று அவளுக்குப் பதைப்பு. பொடியைப் பாகில் குழைத்து, ஊசி இல்லாத பீச்சாங்குழலில் உறிஞ்சி, கடைவாய் ஓரமாக உள்ளே செலுத்தினாள். அது தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையையும் அவள் அப்போது பிகு என்றே எடுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை ஜன்னலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டது. அதோடு வீட்டில் பேச்சும் அடியோடு நின்றது. யாரைப் பார்த்துச் சொல்வது?

ஒரு நாள் காலை அவர் மரக்கடைக்குப் போகவில்லை. எழுந்ததும் லாயத்துக்குப் போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள். குதிரையின் வயிற்றுக்கு அடியில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்திய இடம் மாவு போலக் குழிந்து அப்படியே நின்றது. குதிரை தலையைத் தொங்கவிட்டு, அடிக்கடி தன் விலாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். டாக்டரம்மாவைக் கூப்பிடத்தான் போகிறார் என்று அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கையை வெறுமனே வைத்துக்கொண்டு நிற்க முடியாமல் அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் போனாள். பேச்சு இல்லாவிட்டாலும் அவர் சட்டையை அவள்தான் துவைத்தாள்.

சோப்புப் போடும் முன் பையைத் துழாவுவது வழக்கம். பீடி, பெட்டிச்சாவி, சில்லறை என்று எதுவாவது இருக்கும். அன்று கையில் வந்தது கிழித்த காகிதத் துண்டுகள். நீலக் கோடு போட்ட, பளபளக்கிற காகிதம். பொட்டலத்தின் தலைப்பைக் கிழித்தால் வருகிற துண்டு. ஒன்று இல்லை, ஒரு பிடி. குதிரை தின்றுவிடக் கூடாதே என்று லாயத்தில் போடாமல் பையில் போட்டு வைத்திருக்கிறார்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் வீட்டு மேல்தட்டில் இருக்கும் பெட்டியிலும் அதே நீலக் கோடுதான். என் பெட்டியிலிருந்தா எடுத்தார் என்று ஒரு கணம் நினைத்தாள். அவள் கொடுத்தது போக அந்தப் பெட்டியில் ஒன்றுகூடக் குறையவில்லையே. அப்போதுதான் விஷயம் மெல்ல மெல்ல அவளுக்குள் இறங்கியது. ரொட்டி ஏன் சீக்கிரம் தீர்ந்தது, வெல்லப்பாகுக் கிண்ணத்தில் விரல் தடம் எப்படி வந்தது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது.

அதே நேரம் முன்பக்கம் லாடக்காரர் குரல் கேட்டது. இவர் போய்க் கூட்டி வந்தது டாக்டரம்மாவை இல்லை, கால் வலிதான் முற்றிவிட்டது என்று நினைத்து லாடக்காரரைத்தான்.

ஈரக்கையோடு ஓடினாள். லாயத்தில் வண்டிக்காரர் குதிரையின் தாடையைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தார். லாடக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். பெரிய லாயம் ஒன்றில் வேறொரு குதிரைக்கு எழுதிய மருந்தில் மிச்சம்.

"கால் வலிதான் மச்சான் உள்ளுக்குள்ள ஏறிடுச்சு. பொடியெல்லாம் இதுக்குப் பத்தாது. அங்க ஒரு குதிரை படுத்தே கெடந்துச்சு, இதைப் போட்டதும் எந்திரிச்சு நின்னு கனைச்சுது. நீங்க அசையாம புடிங்க."

வண்டிக்காரர் குதிரையின் கழுத்துப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நரம்பு கயிறு மாதிரி மேலே எழும்பியது.

அவள் வாசலில் நின்றாள். சத்தியம் தடுத்தது. பழக்கப்படி குதிரையைப் பார்த்துத்தான் வாய் திறந்தது. "மாப்பிள்ளே, வேண்டாம்னு சொல்லு. அவர்கிட்ட வேண்டாம்னு சொல்லு."

வண்டிக்காரர் திரும்பவில்லை. குதிரையிடமே சொன்னார்: "இந்த நேரத்துலயும் குத்திக் காட்டறாங்கடா. நீ கண்டுக்காதே."

ஊசி கிட்டப் போயிற்று. ஒரு கணம், அவ்வளவுதான் இருந்தது. சாமி கோபித்துக்கொண்டால் என்னிடம் கோபித்துக்கொள்ளட்டும், வாயில்லாததன்மேல் வேண்டாம் என்று மனசுக்குள் சொன்னாளாம். பின்னால் அவளே சொன்னது இது. நேராகப் போய் வண்டிக்காரர் மணிக்கட்டைப் பிடித்தாள். சோப்பு நுரை அவர் கையெல்லாம் வழிந்தது.

"ஏங்க."

அவர் திரும்பினார். இத்தனை நாளில் அந்த ஒரு வார்த்தையை அவர் கேட்கவில்லை. பிடித்த பிடி தானாகத் தளர்ந்தது.

"நிறுத்துங்க. நானும் குடுத்தேன்."

"என்னத்தை?"

"மருந்தை. காலையிலயும் சாயங்காலமும். நீங்க குடுத்த அதே மருந்தை, நானும் குடுத்தேன்." கையை விரித்துக் காட்டினாள். நனைந்த நீலத் துண்டுகள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

மருந்து என்ற வார்த்தை லாயத்தில் இரண்டு தரம் சத்தமாக விழுந்தது. குதிரை தலையைத் தூக்கவில்லை. பல்லை இறுக்கவில்லை. காதைக்கூட அசைக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் அதைக் கவனித்தார்கள். நீலக் காகிதத்தைவிட அதுதான் அவர்களை அதிகமாக உலுக்கியது.

வண்டிக்காரர் அப்படியே தவிட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். லாடக்காரர் மட்டும் ஊசியைப் பிடித்தபடி, "பொடி பொடிதான தங்கச்சி, இது ஊசி, வேற" என்றார்.

"அண்ணே, அதை மூடி வைங்க. டாக்டரம்மா வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் இதோட ஒடம்புக்குள்ள தண்ணியைத் தவிர எதுவும் போகக் கூடாது."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் லாடக்காரர் மறுபேச்சுப் பேசாமல் ஊசிக்கு மூடி போட்டார். அவருடைய போனிலிருந்துதான் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் பேசினாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். எதையும் கொடுக்காதீர்கள், இரண்டு பெட்டியையும் எடுத்து வையுங்கள், அந்தக் குப்பியையும் வையுங்கள், வந்துவிடுகிறேன் என்று டாக்டரம்மா சொன்னார்.

டாக்டரம்மா வரும் வரைக்கும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. குதிரை ஒரு தரம் முன்னங்காலை மடக்கிப் படுக்கப் பார்த்தது. வண்டிக்காரர் ஓடிப்போய்த் தலையைத் தாங்கினார். அவள் மறுபக்கம் தோளைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் அதன் கனம் முழுவதும் அவர்கள்மேல்தான் இருந்தது.

டாக்டரம்மா வந்ததும் முதலில் வாயைத்தான் பார்த்தார். நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து விளக்கை அடித்தார். நாக்கின் அடியிலும் கன்னத்தின் உட்புறமும் தோல் உரிந்து சிவந்து குழி குழியாகப் புண். தண்ணீர்த் தொட்டியில் மூக்கை வைத்துக்கொண்டு ஏன் குடிக்கவில்லை என்பது அப்போது புரிந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். அது உடனே படியாமல் கூடாரம் மாதிரி நின்றது. ரத்தம் எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் வண்டிப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்த இரண்டு பெட்டிகளைப் பார்த்தார். ஒரே மாதிரி, கிட்டத்தட்ட ஒரே அளவு காலியாக இருந்த இரண்டு பெட்டிகள்.

"தீனி எடுக்கலைன்னா உடனே நிறுத்தச் சொன்னேனே" என்று வண்டிக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"என் கையால குடுத்த ரொட்டியைத் தின்னுச்சும்மா. தவிட்டை விட்டது எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "நிறுத்தணும்ங்கிறதுதான் எனக்குத் தெரியாது. விடாம குடுக்கச் சொன்னீங்கன்னு வாயில பீச்சிவிட்டேன்."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "நீங்க வந்து கேட்டப்பவே, வீட்டுல யார் குடுக்கிறாங்கன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். விட்டுட்டேன்." பிறகு விளக்கினார். இந்தப் பொடி அளவோடு இருந்தால் வலியை அடக்கும். அளவுக்கும் ஆபத்துக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் கொஞ்சம். தாண்டினால் வாயிலிருந்து குடல் வரைக்கும் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், தண்ணீர் குடிக்காத குதிரையை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். லாடக்காரரின் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் படித்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுவும் அதே குடும்பத்து மருந்துதான். இது உள்ள போயிருந்தா மூணாவது ஆளும் குடுத்த கணக்கு. அப்புறம் நான் வந்து ஒரு பிரயோசனமும் இல்ல. ஒரு குதிரைக்கு எழுதினதை இன்னொரு குதிரைக்குப் போடற வேலை வேண்டாம்."

லாடக்காரர் வாழ்க்கையில் முதல் முறையாக அவசரப்படாமல், மெதுவாக, சரி என்று தலையாட்டினார்.

கழுத்து நரம்பில் குழாய் ஏற்றி, உத்தரத்தில் கொக்கி மாட்டி, பெரிய பெரிய பைகளில் மருந்துநீரைத் தொங்கவிட்டார்கள். வயிற்றுப் புண்ணுக்கு மேலே படியும்படியான ஒரு கலவையை டாக்டரம்மா தானே வாயில் செலுத்திக் காட்டினார். போகும்போது சொன்னார்: "உங்களுக்குள்ள என்ன சண்டைன்னு எனக்கு வேண்டாம். மருந்து ஒருத்தர் குடுக்கணும், இன்னொருத்தர்கிட்ட சொல்லணும். சொல்ல முடியாத அளவுக்குச் சண்டைன்னா செவுத்துல கோடாவது போடுங்க. இப்ப சிறுநீர் போகுதா பாருங்க. எவ்வளவு, என்ன நிறம். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள போகணும். போகலைன்னா..." அதற்குமேல் சொல்லவில்லை. பை தீர்ந்தால் மாற்றுவதைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்.

இருவரும் வைக்கோல்மேல் உட்கார்ந்தார்கள். துளி துளியாகக் குழாயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எதுவும் கேட்கவில்லையாம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சாமி, சாமி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார். "உன் சத்தியம்?"

"போச்சு."

"சாமி?"

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். அங்க எனக்கு எப்பவும் பேச்சு இருந்துது. உங்ககிட்டதான் இல்லாமப் போச்சு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் மொதல்ல பேசியிருக்கணும்."

இல்லைங்க, என் மேலயும் தப்பு இருக்கு என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார். "ஆமா" என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. இரண்டாவது பை தீர்ந்து மூன்றாவதை அவர் மாற்றினார். அவள் குழாயைப் பிடித்துக்கொண்டாள். குதிரை அசையவே இல்லை. டாக்டரம்மா சொல்லாமல் விட்ட மிச்சத்தை இருவரும் மனசுக்குள் முடித்து வைத்திருந்தார்கள். ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. வண்டி வெளியே ஏர்க்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

வெளிச்சம் மஞ்சளாகிற நேரத்தில் மாப்பிள்ளை பின்னங்கால்களை மெல்ல அகட்டி வைத்தது. எழுந்தால் பயந்து அடக்கிக்கொள்ளுமோ என்று இருவரும் உட்கார்ந்த இடத்திலேயே உறைந்து கிடந்தார்கள். முதலில் சொட்டு. பிறகு நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் சடசடவென்று வைக்கோலில் விழுகிற சத்தம். விடாமல், நிறுத்தாமல். கண்ணைத் திறந்து பார்த்தாள். நிறம் நன்றாக இல்லை, காய்ச்சின டீத்தண்ணீர் மாதிரி. ஆனால் நிறைய. வைக்கோலைத் தாண்டி அவர் காலடி வரைக்கும் ஓடி வந்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

போனில் சொன்னபோது டாக்டரம்மா, "நிறம் நாளாக ஆக மாறும். போச்சுல்ல, அது போதும் இன்னைக்கு" என்றார்.

நாலைந்து நாள் கத்திமேல் நடந்த மாதிரிதான் போயிற்று. பிறகு நனைத்த தவிட்டை நாக்கால் நக்கியது. வாய்ப்புண் ஆறி, புல்லை மெல்ல ஆரம்பித்தது. ரத்தத்தை மறுபடி பார்த்த டாக்டரம்மா, சிறுநீரகத்தில் கொஞ்சம் அடி இருக்கிறது, பெரிய பாரம் இனி வேண்டாம், தண்ணீர் எப்போதும் தொட்டியில் நிற்க வேண்டும், வயிற்று மருந்து இன்னும் பல வாரம் போக வேண்டும் என்றார். வண்டிக்காரர் சட்டம் ஏற்றுவதை விட்டார். இப்போது காலியான வண்டியில் அவள் புல்கட்டுகள்தான் போகின்றன. தலைச்சுமை போய்விட்டது என்று அவள் சொல்கிறாள். மாப்பிள்ளை வழியெல்லாம் சரக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்து ஒரு வாய் கடித்துக்கொள்கிறதாம், வியாபாரம் எப்படி உருப்படும் என்று அவர் சொல்கிறார்.

மறுபடி அவர்கள் சண்டை போடாமல் இருந்தார்களா என்றால், அதெல்லாம் இல்லை. மாதம் ஒன்று போவதற்குள் மகள் வீட்டுக்கு யார் போவது என்பதில் ஆரம்பித்து, அவருடைய அக்கா முப்பது வருஷத்துக்கு முன்னால் சொன்ன ஒரு சொல்லில் போய் முடிந்தது. இந்தத் தடவை யாரும் சத்தியம் பண்ணவில்லை. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. அவள் சமையலறையில், அவர் லாயத்தில். பாத்திரம் மட்டும்தான் சத்தம் போட்டது.

மாலையானதும் அவர் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

"வயித்து மருந்து குடுத்தாச்சு. முழுசா முழுங்கிருச்சு."

"சரி" என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடி.

அவ்வளவுதான். அவர் திரும்பிப் போய்விட்டார். மறுபடியும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.